இணையவழி வகுப்பு இருக்கும்போது பனி விடுமுறை வேண்டுமா?

நெய்தல் (பென்சில்வேனியா), தொடக்கப் பதிவு

அனைவருக்கும் வணக்கம். பனியால் பள்ளி மூடப்படும் ஒவ்வொரு நாளையும் வரும் கல்வியாண்டு முதல் இணையவழி வகுப்பு நாளாக மாற்றிவிடலாமா என்று எங்கள் மாவட்டப் பள்ளிக் குழு பெற்றோரிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. இம்மாநிலத்தில் 2019இல் இயற்றப்பட்ட சட்டப்படி, கல்வித் துறையிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற பள்ளிகள் ஆண்டுக்கு 5 நாள்கள் வரை வீட்டிலிருந்தே பாடம் நடத்தி, அவற்றையும் பள்ளி நாள்களாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆகவே சட்டம் தடுக்கவில்லை. முடிவு மாவட்டத்தின் கையில் இருக்கிறது.

பனி விடுமுறை நீடிக்க வேண்டும் என்பது என் கருத்து. என் மகள் நான்காம் வகுப்பிலும் மகன் கிண்டர்கார்ட்டனிலும் படிக்கிறார்கள். இரவு உடையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தலையணைக்கு அடியில் ஒரு கரண்டியையும் வைத்துப் படுத்தால் மறுநாள் பள்ளி இருக்காது என்று இங்குள்ள பிள்ளைகள் நம்புவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த மகிழ்ச்சியை நான் சிறிதாக எண்ணவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 டிசம்பரில், மேற்கு வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் கவுன்டியில் பள்ளிக் கண்காணிப்பாளர், எத்தனையோ இழப்புகளைக் கண்ட ஆண்டில் இந்த ஒரு நாளையாவது பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுப்போம் என்ற பொருளில் பெற்றோருக்குக் கடிதம் எழுதி, இணைய வகுப்பு உட்பட அனைத்தையும் நிறுத்தியபோது, அக்கடிதத்தை நாடெங்கும் மக்கள் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆயினும், பிள்ளைகள் விளையாடட்டும் என்ற ஒரு வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக் குழுவின் முன் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை. படிப்பு பாதிக்கப்படுமா, யாருக்குப் பாதிக்கப்படும், வீட்டில் யார் சுமை தாங்குவார்கள் என்ற கேள்விகளுக்கு விடையோடு போக வேண்டும். ஆசிரியர்களும் பெற்றோர்களும் தங்கள் அனுபவத்தையும், மாற்றுக் கருத்து இருந்தால் அதையும், தயங்காமல் எழுதுங்கள்.

ஏரிக்கரை (நியூயார்க்)

மாற்றுக் கருத்தை நானே தொடங்கி வைக்கிறேன், சகோதரி. தங்கள் பிள்ளைகள் சிறியவர்கள். என் மகன் பதினொன்றாம் வகுப்பு. கல்லூரி நிலைப் பாடங்களை உயர்நிலைப் பள்ளியிலேயே படிப்போர் எழுதும் ஏபி (AP) தேர்வுகள் மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில், குறித்த தேதியில் குறித்த பாடமாக, நாடு முழுவதற்கும் ஒரே நாளில் நடக்கின்றன. தெற்கு மாநிலங்கள் பலவற்றில் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பள்ளி திறந்துவிடுகிறது. எங்களுக்கோ செப்டம்பரில்தான் திறக்கிறது. ஏற்கெனவே ஒரு மாதம் பின்தங்கிப் புறப்படும் பிள்ளை, பிப்ரவரியில் நான்கு நாள் வகுப்பை இழந்தால், அந்த நான்கு நாளை ஜூன் இறுதியில் ஈடுசெய்வதால் அவனுக்கு என்ன பயன்? தேர்வு முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும்.

நாட்காட்டியில் இடமும் இல்லை. இங்கே ஆண்டுக்கு 180 பள்ளி நாள்கள் வேண்டும். பல சமயத்தாரின் பண்டிகைகளுக்கும் விடுமுறை கேட்டுப் பெற்றிருக்கிறோம். 2024 நவம்பர் 1 அன்று நியூயார்க் நகரப் பள்ளிகள் முதன்முறையாகத் தீபாவளிக்கு மூடப்பட்டபோது நம்மில் மகிழாதவர் யார்? அந்த நாள்களுக்கான இடம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். கருவி கையில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் ஒரு நாளை வீணாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தாமிரபரணி (மாசசூசெட்ஸ்)

நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. எங்கள் மாநிலத்தில் 180 நாள் பாடம் நடக்க வேண்டும். அதற்காக மாவட்டங்கள் 185 நாளுக்கு நாட்காட்டி போட்டு, மூடிய நாள்களை ஜூனில் ஈடுசெய்கின்றன. வீட்டில் செய்து வருமாறு பாடத்தாள்களைக் கட்டிக் கொடுத்து அந்த நாளைப் பள்ளி நாளாகக் கணக்கிடும் வழக்கம் சில மாவட்டங்களில் இருந்தது. மாநிலக் கல்வித் துறை அதையும் 2020-21 முதல் நிறுத்திவிட்டது. இத்தனை இறுக்கம் ஏன் என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. எங்கள் மாநிலத் தரவை வைத்தே செய்யப்பட்ட ஓர் ஆய்வைப் படித்த பிறகு இது எனக்குப் புரியத் தொடங்கியது.

அப்போது ஹார்வர்டில் பணியாற்றிய பொருளியலாளர் ஜோஷுவா குட்மன் 2014இல் அதை வெளியிட்டார். 2003 முதல் 2010 வரையிலான மாசசூசெட்ஸ் மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை, பனியால் பள்ளி மூடப்பட்ட நாள்களோடும், பள்ளி திறந்திருந்தும் மாணவர்கள் வராத நாள்களோடும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். பள்ளி முழுவதுமாக மூடப்பட்ட நாள்கள் மதிப்பெண்ணைக் குறைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் பள்ளி திறந்திருக்க, தனித்தனி மாணவர்கள் வராமல்போன நாள்கள், குறிப்பாகக் கணக்கில், தெளிவாகக் குறைத்தன. ஈடுசெய்யும் நாள்கள் ஜூனில் வருகின்றன, தேர்வோ அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஈடுசெய்யாத நிலையிலேயே அந்த இழப்பு மதிப்பெண்ணில் தென்படவில்லை.

காரணம் வகுப்பறையில் நிற்பவர்களுக்குத் தெரியும். வகுப்பு என்பது ஊர் கூடி இழுக்கும் தேர். எல்லோரும் ஒரு நாள் வடத்தைக் கீழே வைத்தால், மறுநாள் நின்ற இடத்திலிருந்து இழுத்துக்கொள்ளலாம். பாதிப் பேர் இழுத்துப் பாதிப் பேர் கைவிட்டால் தேர் கோணிக்கொள்ளும். பள்ளி மூடிய மறுநாள் நான் செய்ய வேண்டியது, பாடத்திட்டத்தை ஒரு நாள் தள்ளி வைத்து, தேவைப்பட்டால் ஒரு பயிற்சியைக் குறைத்துக்கொள்வது மட்டுமே. ஏழு பேர் மட்டும் வராத நாளுக்கு மறுநாள், அந்த ஏழு பேருக்காகத் திரும்ப நடத்தினால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். நடத்தாமல் போனால் ஏழு பேர் பின்தங்குவார்கள்.

இப்போது இணையவழி நாளை எண்ணிப் பாருங்கள். எல்லோரும் சேர்ந்து இழந்திருக்கக்கூடிய ஒரு நாளை, சிலர் மட்டும் இழக்கும் நாளாக அது மாற்றிவிடுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் நான் திரையில் பின்னம் கற்பித்தேன். வகுப்பறையில் ஒரே அளவுள்ள இரண்டு தாள்களை எடுத்து, ஒன்றை நான்காகவும் மற்றொன்றை எட்டாகவும் மடித்து, முக்காலையும் எட்டில் ஆறையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் காட்டச் சொல்வேன். மேசைக்கு மேசை நடந்து போனால் யார் சமமாக மடிக்கவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். திரையில் அதையே செய்தபோது, பிள்ளை தாளைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவருவான், வெளிச்சம் பட்டு மடிப்புக் கோடு மறைந்துவிடும், சற்றுப் பின்னால் நகர்த்து என்று சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிடும். அந்த நாளில் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று எனக்குத் தெரியாது. மறுநாள் எந்த இடத்திலிருந்து தொடங்குவது?

ஏரிக்கரை

ஆசிரியை அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ஆய்வுகள் எல்லாம் ஒரே திசையில் இல்லை. மேரிலாந்துத் தரவை வைத்து டேவ் மார்கோட், ஸ்டீவன் ஹெமெல்ட் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி மூடப்படும் ஒவ்வொரு நாளுக்கும், கணக்குத் தேர்வில் தேறுவோர் விகிதம் ஒரு சதவீதப் புள்ளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைகிறது என்று கண்டார்கள். கீழ் வகுப்புகளில் பாதிப்பு அதிகம் என்றும் சொன்னார்கள். ஒரு நாளுக்கு அரைப் புள்ளி என்பது சிறியது. ஒரு கடுங்குளிர்காலத்தில் எட்டு நாள் போனால் சிறியதல்ல.

தாமிரபரணி

அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன், ஐயா. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைக்கும் பொருள் இது: ஒன்றிரண்டு நாளை வகுப்பு தானாகவே உள்வாங்கிக்கொள்ளும், அடுக்கடுக்காக நாள்கள் போனால், எவ்வளவு திறமையான ஆசிரியராலும் உள்வாங்க முடியாது. ஆனால் மூடிய நாளில் இழப்பு இருக்கிறது என்பதனாலேயே, இணையவழி நாள் அதை ஈடுசெய்கிறது என்று ஆகிவிடாது. அதற்குத் தனியாகச் சான்று வேண்டும். மேரிலாந்து ஆய்வில் பாதிப்பு அதிகம் என்று தாங்கள் சுட்டிய அதே கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் திரைவழிக் கற்றல் மிகக் குறைவாகப் பயன்படுகிறது என்பதையும் கருதிப் பாருங்கள்.

இரவுப்பணி (ஒஹாயோ)

நான் செவிலியர். மருத்துவமனைக்குப் பனி விடுமுறை கிடையாது. பனிப்புயல் நாளில் முந்தைய அணியினரை விடுவிப்பதற்காக நாங்கள் இன்னும் முன்னதாகவே கிளம்ப வேண்டியிருக்கும். இணைய வகுப்பு நடந்தால் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு வசதி என்று சிலர் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இணைய வகுப்பு என்றால், அருகில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கடவுச்சொல் போட வேண்டும், எந்தச் சுட்டியில் எப்போது நுழைய வேண்டும் என்று பார்க்க வேண்டும், ஒலியைத் திறந்து மூட வேண்டும், செய்த தாளைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும்.

பள்ளி மூடிய நாளில் என் மாமியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். வேளைக்குச் சோறு போடுவார், கதை சொல்வார், பனியில் விளையாடிவிட்டு வந்தால் ஈரக் காலுறையை மாற்றிவிடுவார். அவர் பொறுப்பில் விட்டுவிட்டு நான் நிம்மதியாக வேலை பார்ப்பேன். ஆனால் குரோம்புக் மடிக்கணினியில் நுழைவது அவருக்குப் பழக்கமில்லை. இணையவழி நாளில் நோயாளியின் அறையிலிருந்து வெளியே வந்து பார்த்தால், என் கைபேசியில் வீட்டிலிருந்து வந்த தவறிய அழைப்புகளும், என் மகள் வகுப்பில் இல்லை என்ற பள்ளியின் தானியங்கிச் செய்தியும் இருக்கும். வீட்டில் பத்திரமாக இருக்கும் பிள்ளை, வராதவள் என்று பதிவாகிறாள். தாமிரபரணி அம்மா சொன்ன அந்த ஏழு பேரில் ஒருத்தி என் மகள்தான்.

வடவை (ஒன்ராறியோ)

இங்குள்ள வழக்கம் சற்று மாறுபட்டது. இந்த விவாதத்துக்கு உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன். கடும் பனி நாளில் பள்ளிப் பேருந்துகள் மட்டும் நிறுத்தப்படும், பள்ளிக் கட்டடம் திறந்திருக்கும். நடந்து வரக்கூடியவர்களும், கார் வைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகளும் வருவார்கள். தொலைவில் இருப்பவர்கள் வரமாட்டார்கள். வந்திருக்கும் சிலருக்குப் புதுப்பாடம் நடத்தினால் மற்றவர்களுக்கு அநீதி என்று ஆசிரியர்கள் பழைய பாடத்தையே திருப்பிப் பார்க்கச் சொல்வார்கள், அல்லது ஏதேனும் விளையாட்டு நடத்துவார்கள். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இது பேருதவி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் படிப்பு நடக்கும் நாள் என்று யாரும் அதைச் சொல்வதில்லை.

குறிஞ்சி (மினசோட்டா)

பனியில் விளையாடுவது பற்றி எழுதியவர்களுக்கு ஒரு குறிப்பு. எங்கள் ஊரில் பள்ளி மூடப்படுவதற்குப் பல நேரங்களில் காரணம் குளிர்தான், பனிப்பொழிவு அல்ல. 2014 ஜனவரி 6 அன்று ஆளுநர் மார்க் டேட்டன் மாநிலம் முழுவதும் பள்ளிகளை மூடச் சொன்னதும் குளிரினால்தான். காற்றையும் சேர்த்து உணரப்படும் குளிர் சுழியத்துக்குக் கீழே 28 பாகை செல்சியஸுக்கு இறங்கினால், மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைந்து புண்ணாகிவிடும். பேருந்து நிறுத்தத்தில் பிள்ளைகளை நிற்க வைக்க முடியாத நாளில் முற்றத்திலும் விளையாட விட முடியாது. அப்படிப்பட்ட நாளில் வீட்டுக்குள்ளேயே சிறிது நேரம் வகுப்பு நடப்பதை நான் வரவேற்கிறேன்.

எங்கள் மாநிலச் சட்டமும் ஆண்டுக்கு 5 நாள் வரை இதற்கு இடம் தருகிறது. ஆனால் சில கட்டுப்பாடுகளோடு. வழக்கமாகப் பள்ளி தொடங்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாவது பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும். பள்ளி நேரம் முழுவதும் ஆசிரியரை இணையத்திலும் தொலைபேசியிலும் அணுக முடிய வேண்டும். வீட்டில் கருவியோ இணைப்போ போதாத பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நெய்தல் அவர்கள் தங்கள் பள்ளிக் குழுவிடம் முதலில் கேட்க வேண்டியது, இந்த மூன்றுக்கும் அவர்களிடம் விடை இருக்கிறதா என்பதைத்தான்.

வெண்ணிலம் (நியூ ஜெர்சி)

கருவி கையில் இருக்கிறது என்று ஏரிக்கரை ஐயா எழுதினார். அவருடைய நகரத்திலேயே 2024 பிப்ரவரி 13 அன்று நடந்ததை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பனியை முன்னிட்டு நகரப் பள்ளிகள் அனைத்தும் இணையவழிக்கு மாறின. முன்கூட்டியே ஒத்திகையும் நடத்தியிருந்தார்கள். ஆனாலும் காலையில் இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உள்நுழைய முயன்றபோது, அடையாளத்தைச் சரிபார்க்கும் அமைப்பு தாங்காமல், மாணவர்களும் ஆசிரியர்களும் வெளியே நின்றார்கள். உறைமழை பெய்து மரக்கிளை முறிந்து மின்கம்பியில் விழும் ஊர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எந்தப் புயல் பள்ளியை மூடுகிறதோ அதே புயல்தான் மின்சாரத்தையும் துண்டிக்கிறது.

இன்னொன்றையும் யாரும் இங்கே தொடவில்லை. என் மகன் சிறப்புக் கல்வி பெறுகிறான். அவனுடைய தனிநபர் கல்வித் திட்டத்தில் பேச்சுப் பயிற்சியும் கைவிரல் பயிற்சியும் இருக்கின்றன. பள்ளி அனைவருக்கும் மூடியிருந்தால், அந்த நாளில் அவனுக்கும் பயிற்சி இல்லை. எல்லோருக்கும் ஒரே நிலை. மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும் நாள் என்று அறிவித்துவிட்டால், கூட்டாட்சிச் சட்டப்படி அவனுக்கும் உரிய கல்வியை வழங்கும் கடமை பள்ளிக்கு வந்துவிடுகிறது. கத்தரிக்கோலைப் பிடிக்கும் விரலைத் திருத்துவதற்குப் பயிற்சியாளரின் கை அவன் கைமேல் இருக்க வேண்டும். அதைத் திரை வழியாக எப்படித் தருவார்கள்?

ஏரிக்கரை

அந்த பிப்ரவரி நாளை நான் மறக்கவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்பது சீர்செய்யக்கூடியது. ஒருமுறை பழுதான காரணத்துக்காக வழியையே கைவிட வேண்டியதில்லை என்பது என் நிலை. ஆனால் இரவுப்பணி அவர்களும் வெண்ணிலம் அவர்களும் சொன்னவை கோளாறுகள் அல்ல, எவ்வளவு நல்ல இணைப்பு இருந்தாலும் தீராதவை. அவற்றுக்கு என்னிடம் விடை இல்லை. கிண்டர்கார்ட்டனுக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் ஒரே விதி எழுதுவது சரியன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேல்வகுப்பு மாணவர்களுக்கு மட்டும், வருகைப் பதிவு இல்லாமல், விரும்பியவர் கலந்துகொள்ளும் வகையில், ஏபி பாடங்களுக்கு ஒரு மணி நேர ஐயம் தீர்க்கும் வகுப்பு நடத்த இடம் கொடுங்கள். அதற்கு மேல் நான் வற்புறுத்த மாட்டேன்.

நெய்தல்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியவற்றை வைத்துப் பள்ளிக் குழுவுக்கு ஒரு கோரிக்கையை வரைந்திருக்கிறேன்; குறை இருந்தால் திருத்துங்கள்.

ஒரு கல்வியாண்டில் பனியால் மூடப்படும் முதல் 3 நாள்கள் எல்லா வகுப்புகளுக்கும் முழு விடுமுறையாகவே இருக்கட்டும். அவற்றுக்கான இடத்தை நாட்காட்டியிலேயே முன்கூட்டி ஒதுக்க வேண்டும். நான்காவது நாளிலிருந்து, ஆறாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிப்பவர்களுக்கு இணையவழி வகுப்பு நடக்கலாம். ஐந்தாம் வகுப்பு வரையிலானவர்களுக்கு நேரலை வகுப்பு வேண்டாம். முன்பே கொடுத்தனுப்பிய தாள்களைப் பிள்ளைகள் ஒரு வாரத்துக்குள் முடித்துத் தந்தால் போதும். முந்தைய நாள் மாலைக்குள் அறிவித்து, கருவிகள் வீட்டுக்குப் போயிருந்தால்தான் இணையவழி நாள். விடியற்காலையில் சாலையைப் பார்த்து முடிவெடுத்த நாளாக இருந்தால், அது எத்தனையாவது நாளாக இருந்தாலும் முழு விடுமுறை. மின்சாரமோ இணைப்போ இல்லாத பிள்ளைக்கு வரவில்லை என்ற பதிவு கூடாது. சிறப்புக் கல்விப் பிள்ளைகள் அந்த நாளில் இழக்கும் பயிற்சி நேரத்தைப் பள்ளி திறந்த பிறகு நேரில் ஈடுசெய்ய வேண்டும். ஏரிக்கரை அவர்கள் கேட்ட ஒரு மணி நேர வகுப்பையும் சேர்த்திருக்கிறேன். முதல் 3 நாள்களிலும் அது நடக்கலாம், வருகைப் பதிவு மட்டும் இருக்காது.

ஏன் 3 என்று குழு கேட்கும். ஒன்றிரண்டு நாளை வகுப்பு உள்வாங்கும், அடுக்கடுக்காகப் போனால் உள்வாங்காது என்று தாமிரபரணி அவர்கள் சொன்னதை அடிப்படையாகக் கொண்டேன். நான்கு என்று பேரம் பேசினாலும் ஏற்பேன். சுழியம் என்றால் ஏற்க மாட்டேன்.

தாமிரபரணி

நன்றாக வந்திருக்கிறது. ஒரு வரி சேருங்கள், சகோதரி: ஒவ்வொரு இணையவழி நாளுக்குப் பிறகும், எத்தனை பேர் உண்மையில் கலந்துகொண்டார்கள் என்பதை வகுப்பு வாரியாக மாவட்டம் வெளியிட வேண்டும். உள்நுழைந்தோர் எண்ணிக்கையை மட்டும் போட்டுவிட்டு நின்றுவிடக் கூடாது. வேலையை முடித்துத் தந்தவர் எண்ணிக்கையும் வேண்டும். அந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பார்த்தால், அடுத்த ஆண்டு இந்த ஏற்பாட்டைத் தொடரலாமா என்று குழுவே முடிவு செய்துகொள்ளும்.

நெய்தல்

சேர்த்துவிட்டேன், அம்மா. கூட்டத்தில் பேச ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடமே தருவார்கள் என்பதால், முழுக் கோரிக்கையை எழுத்தில் கொடுத்துவிட்டு, இரவுப்பணி அவர்களும் வெண்ணிலம் அவர்களும் எழுதிய பத்திகளை மட்டும், அவர்கள் ஒப்புக்கொண்டால், பெயரும் ஊரும் இல்லாமல் படிக்க எண்ணுகிறேன். இருவரும் தனிமடலில் இசைவு தெரிவியுங்கள்.